பாலத்துப் பள்ளமும் மாவட்ட இணைப்பும்

கார்னிட்ஸ்,
செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பிக்குப் பின்

பெருமதிப்பிற்குரிய அக்கா இர்ம்கார்ட் அவர்களுக்கு,

தங்கள் தம்பி ஹார்ட்விக் லெம்க்கே மிக்க பணிவுடன் எழுதும் மடல். இவ்விடம் நானும், என் முழங்காலும், பூனையும் ஓரளவு சுகம். அவ்விடம் கீல் நகரில் தாங்களும், அத்தான் அல்பிரெஹ்ட் அவர்களும், அத்தானுக்குப் புதிதாக வைத்த இடுப்பெலும்பும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. தாங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறைகள் கிடைத்தன. ஜூலை மாதத்தில் வந்தாலும் அன்பு அன்புதான். செர்ரி இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, பறவைகள் நன்றாகத் தின்றன. குசலம் இத்துடன் முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். இது உண்மையில் அத்தானுக்கு எழுத வேண்டிய கடிதம். ஆயுசு முழுக்க நீதிமன்றத்தில் எழுத்தராக உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரு வழக்கை இழுத்தடிப்பது எப்படி என்று அவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். ஜெயிப்பது எப்படி என்று கேட்க வேண்டாம், அதை நாங்களே பண்ணிக்கொள்வோம் போலிருக்கிறது, அதுதான் என் பயமே. தீர்ப்பு வராமல் ஒரு வருஷம், முடிந்தால் இரண்டு வருஷம் தள்ளிப் போக வழி உண்டா? அவருக்கு நேராக எழுதினால் ஏன் எதற்கு என்று குடைவார். நீங்களும் குடைவீர்கள், ஆனால் உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், காப்பி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

மாவட்டங்களை ஒட்டுகிற கூத்து உங்கள் ஊர்ப் பேப்பரிலும் வந்திருக்கும். ஜனம் குறைந்துவிட்டதாம், கஜானா காலியாம், இருக்கிற மாவட்டங்களை எல்லாம் சேர்த்துப் பெரிய பெரிய மாவட்டமாக ஆக்கிவிடலாம் என்று ஷ்வெரீனில் உட்கார்ந்து மாநில அரசு சட்டம் போட்டுவிட்டது. நாம் பிறந்தபோது இந்த வீடு ஒரு மாவட்டத்தில் இருந்தது, நான் பள்ளிக்கூடம் போனபோது இன்னொரு மாவட்டம், பெர்லின் சுவர் இடிந்த பிறகு வேறொன்று. படுக்கையறை ஜன்னலைக்கூட நான் மாற்றவில்லை, மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் அக்கா. இந்தத் தடவை நம்மை யாரோடு ஒட்டினார்கள் தெரியுமா? வோல்டோவோடு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வோல்டோவோடு. அவர்கள் பொமரேனியர்கள், நாம் மெக்லன்பர்க்காரர்கள். அவர்கள் சின்னத்தில் கழுகுத் தலையும் இறக்கையும் வைத்த சிங்கம், நம் சின்னத்தில் காளைத் தலை. அவர்கள் உருளைக்கிழங்கு சாலட்டில் ஆப்பிள் போடுகிற ஜாதி. சாலையில் வோல்டோ எழுத்துப் போட்ட எண் பலகையைக் கண்டால் பத்தடி கூடுதலாக விட்டு ஓட்டு என்று என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒவ்வொருவனுக்கும் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த எண் பலகையை என் வண்டியில் நானே மாட்ட வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

அதனால்தான் கொதித்தேன். என் வீட்டுக்காரி ஹெல்கா கண்ணை மூடியதிலிருந்து வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லை, கோபம் எல்லாம் அப்படியே சேர்ந்து கிடந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியின் கூரையில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். மாவட்ட மன்றத்தில் எழுந்து நின்று, "நீதிமன்றத்துக்குப் போவோம், சட்டத்தை உடைப்போம்" என்று மேசையைத் தட்டினவன் சாட்சாத் நான்தான். தட்டின தட்டில் தலைவரின் தண்ணீர்க் குவளை அவர் மடியில் கவிழ்ந்தது. அவர் துள்ளி எழுந்ததை எல்லாரும் ஆதரவு என்று எடுத்துக்கொண்டு எழுந்து கைதட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது, வழக்குப் போட்டாயிற்று. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், தீர்ப்பு வருகிற வரை சட்டம் சட்டம்தானே என்று சொல்லி, புது மாவட்டத்துக்குப் பெயர், சின்னம், தலைநகர் மூன்றையும் பேசி முடிக்க ஓர் இணைப்புக் குழு போட்டார்கள். நம் பக்கம் நானும் எவால்டும். எவால்டை ஞாபகம் இருக்கிறதா, பின்னோ வீட்டு எவால்ட், உங்கள் கல்யாணத்தில் வாத்து வறுவலோடு குளத்தில் விழுந்தவன். இப்போது தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவன். தீப்பிடிக்காத ஊர் என்பதால் அவனுக்கு நேரம் நிறைய. அவர்கள் பக்கம் ஒரு பல் வைத்தியர், அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. இன்னொருவர் ரோஸ்விதா டெஸ்மான் என்ற அம்மாள்.

வாரா வாரம் வியாழக்கிழமை நாலு மணிக்கு, பாலத்துக்கு நம் பக்கத்துச் சத்திரத்தில் கூட்டம். இடம் நம்முடையது என்பதால் தலைமை அவர்களுடையது என்று பேசி, ஃபிராவ் டெஸ்மான் தலைவர் ஆனார். முதல் நாளே சண்டை. அவர் வண்டியைக் கோணலாக நிறுத்திவிட்டு இறங்கினார். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டு சக்கரம் கோட்டுக்கு வெளியில இருக்குங்க" என்றேன்.

"ஓ, அந்த டிரைவிங் ஸ்கூல்காரர் நீங்கதானா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க எங்க ஊர் ரவுண்டானாவுல வெளிய போற வழி தெரியாம சுத்திக்கிட்டே இருப்பாங்க. பாவம்னு ஒரு தடவை நாங்க சாப்பாடு கொடுத்து அனுப்பினோம்."

"உங்க ஊர்ப் பிள்ளைங்க மட்டும் என்னவாம், சைக்கிள்ல கைய விட்டுட்டு…"

"எங்க ஊர்ப் பிள்ளைங்க பாதிப் பேரை வெளியில இழுத்துப் போட்டதே நான்தான். பார்த்துப் பேசுங்க, ஹெர் லெம்க்கே."

மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவராம். கணவர் போய் ரொம்ப நாளாகிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, அந்த அம்மாவுக்கு நரைமுடியைக் கொண்டை போட்டு அதில் பென்சிலைச் செருகிக்கொள்ளும் வழக்கம் உண்டு, கூட்டம் பூரா அந்தப் பென்சிலைத் தேடும் வழக்கமும் உண்டு என்பதுதான். நான்தான் ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுக்கணும். இல்லை, கொடுக்கணும்னு யாரும் சொல்லல. நானா கொடுத்தேன்.

கேக் முறை போட்டுக் கொண்டு வரணும்னு பேச்சு. ஒரு வாரம் நாங்க, ஒரு வாரம் அவங்க. எவால்ட் பேக்கரியில வாங்கின வெண்ணெய்க் கேக்கோட வருவான். அவங்க வீட்டுலயே சுட்டு எடுத்துட்டு வருவாங்க, கடற்கரை முள்செடியில காய்க்கிற ஆரஞ்சு நிறக் குட்டிப் பழம் போட்டது, புளிப்பும் இனிப்புமா. முதல் வாரம் நான் தொடவே இல்ல, மாவட்ட மானம்னு ஒண்ணு இருக்குல்ல. ரெண்டாவது தடவை ஒரு துண்டு. அப்புறம் வெட்டும்போதே ஓரத்துத் துண்டு எனக்குன்னு ஒதுங்கி வர ஆரம்பிச்சுது. ஓரத்துலதான் நல்லா முறுகியிருக்கும், உங்களுக்குத் தெரியாததா.

இப்ப நான் செஞ்ச அக்கிரமத்தைக் கேளுங்க. போன இலையுதிர்காலத்துல பேர் முடிவாகிற மாதிரி ஆயிடுச்சு. "ஏரிநாடு"ன்னு வச்சுக்கலாம்னு எல்லாரும் தலையாட்டிட்டாங்க, பல் வைத்தியர்கூட. பேர் முடிஞ்சா சின்னம், சின்னம் முடிஞ்சா தலைநகர், எல்லாம் முடிஞ்சா கூட்டம் முடிஞ்சுது, அப்புறம் வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் எங்க போறது? திடீர்னு எழுந்து, "ஏரி எங்க பக்கம்தான் ஜாஸ்தி, பேரை மட்டும் சமமா பங்கு போட்டா அநியாயம்"னு ஒரு போடு போட்டேன். ரெண்டு மாசம் ஏரி எண்ணினோம் அக்கா. வாத்து நீந்தினா ஏரியா, இல்ல கொக்கு நின்னா ஏரியான்னு வாதம். எவால்ட் பூரிச்சுப் போய் என் முதுகுல தட்டி, "சிங்கம்டா நீ"ன்னான். அப்புறம் சிங்கம் அவங்க சின்னம்னு ஞாபகம் வந்து, "காளைடா நீ"ன்னு திருத்திக்கிட்டான்.

சின்னத்துலயும் அதே கதைதான். எவால்டோட மருமகன் காளைத் தலையையும் கழுகுச் சிங்கத்தையும் சேர்த்து ஒரு படம் வரைஞ்சு கொண்டு வந்தான். காய்ச்சல் வந்த கோழி மாதிரி இருந்துச்சு. அதையும் எல்லாரும் சரின்னுட்டாங்க, ஒன்றரை வருஷம் உட்கார்ந்தா யாருக்கும் அலுப்பு வரும்தானே. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஃபிராவ் டெஸ்மான் பென்சிலால மேசையைத் தட்டி, "இறக்கை எங்க பக்கம் பார்க்கல, இதை நான் ஒத்துக்கவே மாட்டேன்"னாங்க. அன்னையிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. நிஜமாவே இறக்கைக்காகத்தான் சண்டை போடறாங்களா, இல்ல அவங்களுக்கும் வியாழக்கிழமை நாலு மணிக்குப் போக வேற இடம் இல்லையா? கேட்டுத் தெரிஞ்சுக்கற விஷயமா இது?

நேராக் காப்பிக்குக் கூப்பிட வேண்டியதுதானேன்னு நீங்க இப்ப கீல்ல இருந்துக்கிட்டே முணுமுணுக்கறது கேட்குது. எப்படிக் கூப்பிடுவேன்? ஒலிபெருக்கி கட்டிக்கிட்டு வோல்டோவைத் திட்டினவன் நான். அவங்க வண்டி என் வாசல்ல நின்னா எண் பலகையைப் பார்த்துத் தெருவே கூடிடும். என் வண்டி அவங்க வாசல்ல நின்னாலும் அதே கதி. அப்படியும் ஒரு தடவை போய்ப் பார்த்தேன், அதையும் சொல்லிடறேன்.

மார்ச் மாசம் காய்ச்சல்னு அவங்க ஒரு வியாழக்கிழமை வரல. அன்னைக்குக் கேக் பேக்கரியில வாங்கினது, ஓரத் துண்டும் இல்ல, பென்சிலும் இல்ல. வீட்டுக்கு வந்து ரேடியோ போட்டேன், அணைச்சேன், மறுபடி போட்டேன். மறுநாள் ஒரு போத்தல் கோழி சூப் வச்சு எடுத்துக்கிட்டு வோல்டோவுக்குப் புறப்பட்டுட்டேன். எண் பலகை காட்டிக் கொடுத்துடும்னு வண்டியை ஊருக்கு வெளியில பீட்ரூட் வயல் ஓரமா மறைச்சேன். மறைக்கல, புதைச்சேன். சேறு. சக்கரம் பாதி உள்ள போயிடுச்சு. வோல்டோ தீயணைப்புப் படை டிராக்டரோட வந்து இழுத்துது, கூடவே பேப்பர்காரனும் வந்தான். சூப்போட நான் நிக்கிற படம் சனிக்கிழமை வந்துடுச்சு, "கார்னிட்ஸ் உளவாளி வயலில் சிக்கினார்"னு. எவால்ட் அதை வெட்டி சத்திரத்துச் சுவர்ல ஒட்டி, எதிரி மண்ணுல தனியாப் போய் வந்தவன்னு எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுக்கற மரியாதையை எனக்கே கொடுத்தான்.

அடுத்த வியாழக்கிழமை அவங்க வந்தாங்க. சுவரைப் பார்த்தாங்க. கேக் வெட்டினாங்க. என் தட்டை வைக்கும்போது மெதுவா, "சூப்புல கேரட் போட்டிருந்தீங்களா?"ன்னு கேட்டாங்க.

"போட்டிருந்தேன்" என்றேன்.

"ம்" என்றாங்க. அவ்வளவுதான். நம்ம ஊர்ப் பக்கம் "ம்"முக்கு எவ்வளவு அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். ஆனா அவங்க பொமரேனியாவாச்சே, அங்க என்ன அர்த்தமோ தெரியல.

பாலத்து நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. ரெண்டு மாவட்ட எல்லையும் சரியா அதுக்குள்ளதான் சந்திக்குது, அதனால நீ அடை, நான் அடைன்னு யாரும் அடைக்கவே இல்ல. கார்னிட்ஸ் தார் ஊத்தினா வோல்டோ சக்கரமும் சொகுசாப் போகுமேன்னு நம்மாளுங்க நினைப்பு. எவால்ட் வாரத்துக்கு ஒரு தடவை, "பொறு, ஒரு நாள் நானே அடைச்சுக் காட்டறேன்"ம்பான். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால நான் சத்திரத்து ஜன்னல் ஓரமா உட்கார்ந்துக்குவேன். அவங்க வண்டி அந்தப் பள்ளத்துல இறங்கி ஏறும், கேக் டின் டமால்னு ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வரும் அக்கா. வெள்ளிக்கிழமையிலிருந்து புதன்கிழமை வரைக்கும் அந்த டமாலுக்காகத்தான் சட்டையை இஸ்திரி போடறேன், சவரம் பண்றேன், பூனைகிட்ட பேசிப் பழகறேன். அறுபத்தாறு வயசுல ஒருத்தன் ஒரு பள்ளத்துச் சத்தத்துக்கு ஏங்கறான்னு வெளியில சொன்னா சிரிப்பாங்க. எனக்கு ஏக்கமாத்தான் இருக்கு. ஹெல்கா இருந்தா அவகிட்டயே சொல்லியிருப்பேன், அவ நல்லா யோசனை சொல்வா.

இப்போது ஆபத்து இரண்டு பக்கமும் வருகிறது. குழுவில் மிச்சம் இருப்பது இறக்கை ஒன்றுதான், அதையும் திருப்பி வரைந்துகொண்டு வருகிறான் எவால்டின் மருமகன். அந்தப் பக்கம் வழக்கு நாம் ஜெயிக்கிற மாதிரி இருக்கிறதாம், மன்றத் தலைவர் பார்க்கிறபோதெல்லாம் கண்ணடிக்கிறார். வழக்கை வாபஸ் வாங்கினால் என்ன என்று அவரிடம் லேசாக விட்டுப் பார்த்தேன். வெயிலில் அதிகம் நிற்காதே என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தோற்றால் குழு முடிகிறது, ஜெயித்தால் குழு கலைகிறது. எப்படியானாலும் போவது என் வியாழக்கிழமைதான். எனவே அத்தான் அவர்கள் தயவுகூர்ந்து, நீதிபதிக்கு ஏதேனும் புதிய ஆவணம், விடுபட்ட வரைபடம், ஏரி எண்ணிக்கையில் சந்தேகம் என்று அனுப்பித் தீர்ப்பைத் தள்ளிப் போடும் உபாயம் ஒன்றை உடனே எழுதி அனுப்பும்படி வேண்டுகிறேன். நாளை மறுநாள் கேக் அவர்கள் முறை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். இடுப்பைக் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் ஆயுளும், ரோஜாச் செடிகளும், கடல் பார்த்த பால்கனியும் நிலைக்க வேண்டும்.

தங்கள் அன்பையும் தபாலையும் என்றும் எதிர்பார்க்கும் தம்பி,
ஹார்ட்விக்

பின்குறிப்பு (புதன்கிழமை): உறையை ஒட்டப் போகும்போது ரேடியோவுல சொல்லிட்டான் அக்கா. சட்டம் செல்லாதாம். மாவட்டம் எல்லாம் பழையபடியே இருக்கட்டும்னு தீர்ப்பு. ஜெயிச்சுட்டோம். அத்தான் எதுவும் எழுத வேண்டாம்.

கோயில் மணி அடிச்சாங்க, எவால்ட் தீயணைப்பு வண்டியைச் சைரனோட கொண்டு வந்து வாசல்ல நிறுத்தினான், என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. மேல இருந்தபடியே நான் அழுதுட்டேன். பேப்பர்காரன் படம் எடுத்தான், நாளைக்கு ஆனந்தக் கண்ணீர்னு போடுவான். இறக்கி விட்டதும் உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். போன் அடிச்சுது.

"ஹெர் லெம்க்கே, ஜெயிச்சுட்டீங்க. வாழ்த்துக்கள்."

"நன்றிங்க" என்றேன்.

"குழுவைக் கலைச்சுட்டதா எனக்குத் தகவல் வந்துடுச்சு."

"ம்" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் நகர்ற சத்தம் கேட்டுது. அப்புறம், "இங்க மாவு பிசைஞ்சாச்சு"ன்னாங்க. "அந்தப் பாலத்துப் பள்ளம் இருக்கே, இனிமே ரெண்டு மாவட்டமா இருக்கறதால அதை யார் அடைக்கறதுங்கற கேள்வி அப்படியே நிக்குது. யாராவது ரெண்டு பேர் நேர்ல போய் அளந்து பார்த்துத்தான் முடிவு பண்ணணும். நாளைக்கு நாலு மணி உங்களுக்குச் சௌகரியப்படுமா?"

"ஒரே நாள்ல அளந்து முடிக்க முடியாதுங்க" என்றேன்.

"யாரு முடிக்கச் சொன்னா?"ன்னாங்க. "ரொம்பக் கஷ்டமான பள்ளம் அது. பல் வைத்தியர் வர மாட்டார்."

தரையில கால் பாவாம வெளியில வந்தேன். எவால்ட் இன்னும் வாசல்லயே நிக்கறான், பூட்ஸ் பூரா தார். "உனக்கு என்னடா பரிசு கொடுக்கறதுன்னு யோசிச்சேன்"னான், கண்ணு கலங்க. "நம்ம மாவட்டம் நம்மளுக்கே கிடைச்ச சந்தோஷத்துல, இங்க வர்றதுக்கு முன்னாடியே வண்டியோட போய் அந்தப் பாலத்துப் பள்ளத்தை அடைச்சுட்டு வந்துட்டேன். ரெண்டு பக்கமும். கண்ணாடி மாதிரி இருக்கு."

நான் அவனைக் கட்டிப் பிடிச்சு நன்றி சொல்லி அனுப்பினேன். நல்லவன் அக்கா அவன், அவன் மேல தப்பே இல்ல. இங்க ஜூலையில பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், தார் இன்னும் சூடு ஆறியிருக்காது. அப்பாவோட கடப்பாரை கொட்டகையில இருக்கு, அதை எடுத்துக்கிட்டுப் பாலத்துக்குப் புறப்படறேன்.